டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள பெரியவர்களிடம் பேச ஊழியர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: கோவை மேற்பார்வை

கோவை பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லோரும் சின்ன வயது. பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட். நல்ல மனசுதான். ஆனால் காலையில் குளிக்க வைக்கும்போது தினமும் சண்டை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் கையை ஓங்குகிறார். சாயங்காலமானால் ஒரு பாட்டி, "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும், வீட்டுக்குப் போகணும்" என்று கேட் பக்கத்தில் நிற்கிறார். "உங்க பையனுக்கே அறுபது வயசு பாட்டி" என்று இவர்கள் சொல்ல, ஒரே அழுகை. ஆள் வரவழைத்து ஸ்லைடு போட்டு வகுப்பு எடுத்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் அதே கதை.

பதில்: வார்டு சிஸ்டர்

ஸ்லைடை விடுங்கள். ஒரு காலைக்கு ஒரு பெண்ணுடன் போய், திரைக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். முதலில் வாயைத் திறக்காமல் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்து, பின்னாலிருந்து போர்வையை இழுப்பார்கள். யாராக இருந்தாலும் கை ஓங்கத்தான் செய்வார்.

முன்பக்கமாக வந்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, "சார், வணக்கம்" என்று சொல்லிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியைப் பொறுப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். உடனே அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்பார்கள். மனசுக்குள் பத்து எண்ணட்டும். "குளிக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்றுதான் வரும். துண்டைக் காட்டி, "வெந்நீர் ரெடி சார்" போதும்.

"சமத்து, செல்லம்" கொஞ்சலையும் நிறுத்துங்கள். அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, நர்சிங் ஹோமில் பராமரிப்பு நடப்பதை வீடியோவில் பார்த்து 2009இல் எழுதியது: குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசும்போது பெரியவர்கள் முரண்டு பிடிக்கும் வாய்ப்பு, சாதாரணமாகப் பேசும்போது இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தப்பைப் பெரியவர் முன்னால் திருத்தாதீர்கள். வெளியே வந்து, "எந்த இடத்துல அவர் முகம் மாறுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவளே சொல்லிவிடுவாள். ஒடிசாப் பிள்ளைகளுக்கு மொழி குறைவு என்று கவலை வேண்டாம். அதிகம் பேசாமல் கையைப் பிடிப்பதால் சில பெரியவர்கள் அவர்களிடம்தான் அடங்குவார்கள்.

பதில்: மதுரை மருமகள்

என் மாமியாரும் இப்படித்தான் கேட்பார். "பிள்ளைங்க வந்துட்டாங்க" என்று பொய் சொல்ல எனக்கு வாய் வராது. என்ன சொல்வது?

வார்டு சிஸ்டர்

பொய்யே வேண்டாம்மா. "வந்ததும் என்ன பலகாரம் செஞ்சு குடுப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் பேசட்டும். அதற்கு முன்னால் பாத்ரூம் போக வேண்டுமா, பசியா, வலியா என்று பார்த்துவிடுங்கள். பல நேரம் "வீட்டுக்குப் போகணும்" என்பதற்குள் அதுதான் இருக்கும்.

பதில்: நைட் ஷிப்ட்

சொல்வது சுலபம். ஆறு மணிக்குள் எல்லோரையும் குளிப்பாட்டி முடிக்கணும்னு ஆர்டர். பத்து எண்ண நேரம் ஏது?

வார்டு சிஸ்டர்

நியாயமான கேள்வி. அந்த ஆர்டர் இருக்கும்வரை பயிற்சி வீண்தான். அது அந்தப் பெண்களின் குற்றம் இல்லை, நிர்வாகத்தின் வேலை. முரண்டு பிடிப்பவர்களை மட்டும் டிபனுக்கு அப்புறம் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோவை மேற்பார்வை

மேனேஜரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கு மட்டும் சரி என்றார். ஹெட்மாஸ்டரிலிருந்து ஆரம்பிக்கவா?

வார்டு சிஸ்டர்

ஆமாம். சோப்பை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.