இருமல் பழகிப்போன தெருவில் காய்ச்சல் பார்த்த அனுபவம்

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பன்றிக் காய்ச்சல் காலம் என்றதும் எல்லோரும் தடுப்பூசியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ தடுப்பூசி இல்லாமல் கழிந்த அந்த மழைக்காலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டில் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்த செய்தி வந்த பிறகு எங்கள் ஊர்களிலும் அச்சம் பரவியது. நம் நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசி 2010 ஜூனில்தான் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்களிடம் இருந்தவை ஒரு கைக்கடிகாரம், ஒரு வெப்பமானி, நோய்க் கண்காணிப்புக்காக வாரந்தோறும் நிரப்பி அனுப்ப வேண்டிய 'எஸ்' என்ற அரசுப் படிவம் ஆகியவையே.

அந்தப் படிவத்தில் ஏழு நாளுக்கு உட்பட்ட காய்ச்சல், மூன்று வாரத்துக்கு உட்பட்ட இருமல், அதற்கு மேற்பட்ட இருமல் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். திங்கள் முதல் ஞாயிறு வரை வீடு வீடாகப் பார்த்ததை எண்ணிக்கையாக எழுத வேண்டும். எங்கள் பகுதியிலோ பாதி வீடுகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறவர்களுக்கு இருமல் ஒரு நோயாகவே தோன்றாது. "இருமல் இருக்கா?" என்று கேட்டால், "அது எப்பவும் இருக்கதுதான நர்சம்மா" என்பார்கள். காய்ச்சலையும் மறைப்பார்கள், ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போய்விடும். அக்டோபரில் ஒரு வாரம் மழையைக் காரணம் காட்டி இரண்டு தெருக்களுக்குப் போகாமலேயே நான் பூஜ்யம் எழுதி அனுப்பினேன். அந்தப் பூஜ்யத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரம், பீடிக் கடையில் அன்றைய பீடியைக் கணக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண், "அவ ரெண்டு நாளா கடைக்கு வரலைல்லா, இலை வாங்கக்கூட வரலை" என்று போகிற போக்கில் சொன்னாள். அவள் குறிப்பிட்டவள் என் பதிவேட்டில் இருந்த ஏழு மாதக் கர்ப்பிணி; நான் போகாமல் விட்ட தெருக்காரி. உடனே போனேன். சுவரில் சாய்ந்தபடி, ஈரச் சாக்கில் சுற்றிய இலைக்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்போதும் கத்தரிக்கோலைக் கையில் பிடித்திருந்தாள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நடுவே மூச்சு வாங்கியது. "மழைச் சளிதான், டவுனுக்குப் போயி ரெண்டு ஊசி போட்டாச்சி" என்று மாமியார் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் மூச்சை எண்ணிப் பார்த்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் ஒரு முழு நிமிடம் எண்ணினேன், முப்பத்தாறு இருந்தது. நகம் நீலம் பூத்திருக்கிறதா என்று பார்த்தால், புகையிலைக் கறையேறிய விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தபோதுதான் உட்புறம் கருநீலமாக இருப்பது தெரிந்தது.

108 வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தொண்டைச் சளி மாதிரியைச் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் அதன் முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு நுரையீரல் விரைவில் பாதிக்கப்படும் என்பதால், காலையும் மாலையும் 75 மில்லிகிராம் டாமிஃப்ளூ என்ற, இந்தக் காய்ச்சல் கிருமிக்கு எதிரான மருந்தை அன்றே தொடங்கிவிட்டார்கள். தொற்று உறுதி என்ற தகவல் வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மார்கழியில் நலமாகப் பிறந்தது.

அதற்குப் பிறகு என் சொந்த நோட்டில், 'கடைக்கு வராதவர்கள்' என்று ஒரு பத்தி போட்டேன். அரசுப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. மாலையில் பீடிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, கணக்குப்பிள்ளையிடம் இன்று யார் வரவில்லை என்று கேட்டுக்கொள்வேன். வீடு வீடாகக் கேட்டுக் கிடைக்காத காய்ச்சல்கள் அங்கே கிடைத்தன. எந்தத் தொழில் நடக்கும் ஊரோ, அந்தத் தொழிலின் வருகைக் கணக்கைக் கண்காணிப்போடு சேர்க்க வேண்டும் என்று பிற்பாடு ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வந்தேன்.

அதே பெண் இரண்டாவது முறை கருவுற்றபோது அவளாகவே தடுப்பூசி கேட்டு வந்தாள். "மூக்குல விடுததா, ஊசியா?" என்று கேட்டாள். மூக்கில் விடும் மருந்தில் வலுக்குறைத்த உயிருள்ள கிருமி இருப்பதால் அது கர்ப்பிணிகளுக்குக் கூடாது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசிதான் போட வேண்டும் என்று விளக்கினேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தடுப்பூசியைப் போட முடியாது. தாய்க்குப் போட்டால் அந்தப் பாதுகாப்பு சிசுவுக்கும் சேரும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் எந்த வகையை ஊசியில் சேர்ப்பது என்று ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், உலக சுகாதார நிறுவனம் கூடி முடிவு செய்கிறது என்பதையும், போட்ட பின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் அவள் கணவர் திருநெல்வேலிக்குப் போய் மருந்தை வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால், உறைந்த ஐஸ் கட்டியின் மேலேயே கடைக்காரர் மருந்தை வைத்துக் கொடுத்திருந்தார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. உறைந்து போனால் பலனை இழந்துவிடும், மறுபடி உருகிய பின் பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பீடிக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது என்று தெரிந்தும் அதை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. அவள்தான், "நர்சம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். மறுநாள் அவர் எங்கள் நிலையத்துத் தடுப்பூசிப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போனார். பனிப்பொதிகளை வெளியில் வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் பக்குவம் வரும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் நான் அவற்றை அடுக்கிக் கொடுத்திருந்தேன். மாலை நாலரை மணி பேருந்தில் அவர் திரும்பி வந்தார். அன்று மாலையே மருத்துவர் முன்னிலையில் அவள் இடது கையில் அந்த ஊசியைப் போட்டேன்.