சட்டைக் கேமரா படங்கள்: எதைத் தேடினாலும் ஒரே காட்சிதான் வருது

குடைவள்ளல்:
சட்டையில மாட்டுற கேமரா, 30 வினாடிக்கு ஒரு படம். படத்தையும் எழுத்தையும் ஒப்பிடுற கிளிப் பி/32 ஏஐ மாடல்ல ஒவ்வொரு படத்துக்கும் வெக்டர் (படத்தோட உள்ளடக்கத்தைச் சொல்ற எண் வரிசை) எடுத்து, ஒத்த வெக்டரைத் தேடித் தர்ற ஃபைஸ் நிரல்ல போட்டிருக்கேன். "கறுப்புக் குடையை நான் கடைசியா எங்க வெச்சேன்"னு தேடினா முதல் நூறு முடிவும் ஒரே கால் மணி நேரத்துப் படங்கள். எதைக் கேட்டாலும் நடுவுல இருட்டுப் படங்கள் வந்து நிக்குது. தமிழ்ல கேட்டா சம்பந்தமே இல்லாத படம். ஒரு வருஷப் படம் சேர்ந்தா ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இல்லாம தேடல் தாங்குமா?

வெக்டர்வாசி:
கடைசிக் கேள்வி சுலபம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம்னா 1,800 படம், வருஷத்துக்கு 6.57 லட்சம். ஒரு வெக்டர் 512 எண், எண்ணுக்கு 4 பைட், அதாவது 2 கேபி. மொத்தமே சுமார் 1.35 ஜிபிதான். ஒவ்வொரு வெக்டரையும் நேரடியா ஒப்பிடுற ஃப்ளாட் இண்டெக்ஸே போதும், மத்த ஜோடனை எதுவும் வேண்டாம்.

வெக்டரை நார்மலைஸ் பண்ணிட்டுத்தான் (எல்லாத்தோட நீளத்தையும் 1 ஆக்கிட்டுத்தான்) உள்பெருக்கம், அதாவது ஒப்புமை மதிப்பெண், எடுக்குறீங்களான்னு பாருங்க. இல்லேன்னா நீளமான வெக்டர் தகுதியில்லாம முன்னாடி வந்துடும். லென்ஸை கையோ சட்டை மடிப்போ மறைச்ச படங்களை வெக்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே பிரிச்சுடுங்க. சாம்பல் நிறமாக்கி, சராசரி ஒளிர்வு 255க்கு 20க்குக் கீழே இருந்தா ஒதுக்கலாம். மங்கலான படத்தைப் பிடிக்க லாப்லாசியன் வேரியன்ஸ் (விளிம்புகள் எவ்வளவு கூர்மைன்னு காட்டுற எண்) பாருங்க. ஆனா அந்த எல்லை எண்ணை எங்கேயோ பார்த்து அப்படியே போடாதீங்க, படத்தோட அளவு மாறினா அதுவும் மாறும். எல்லாத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, இருநூறு படத்தைக் கண்ணால பார்த்து முடிவு பண்ணுங்க. அழிக்க வேண்டாம், குறி போட்டு வெச்சா போதும்.

நடுவெட்டு:
குடை சிக்காததுக்கு வேற காரணமும் இருக்கு. கிளிப்போட வழக்கமான முன்தயாரிப்பு, படத்தோட சின்னப் பக்கத்தை 224 பிக்சலுக்குச் சுருக்கி நடுவை மட்டும் சதுரமா வெட்டி எடுத்துக்கும். 4:3 படத்துல அகலத்துல கால்வாசி போச்சு, 16:9ல 44 சதவீதம். ஓரத்துல சாத்தி வெச்ச குடையை மாடல் பார்க்கவே இல்லை! முழுப் படம் ஒண்ணு, மேலே ஒண்ணோடொண்ணு படியுற மாதிரி அஞ்சு துண்டு, ஆக ஆறு வெக்டர் எடுங்க. இண்டெக்ஸ் 8 ஜிபி ஆகும், 16 பிட்டுல வெச்சா 4. சின்னப் பொருளைத் தேடுறதுக்கு இதைவிட லாபமான வேலை கிடையாது.

அப்புறம், "கடைசியா", "நான்" இதெல்லாம் படத்துல இருக்காது. நெஞ்சுல மாட்டின கேமராவுக்கு உங்க முகம் தெரியாது. "சுவர் ஓரம் கறுப்புக் குடை"ன்னு கேளுங்க. ஓரளவு மதிப்பெண்ணுக்கு மேல வந்ததை மட்டும் எடுத்து, புதுசு முதல்ல வர்ற மாதிரி அடுக்குங்க.

ஒரே காட்சி திரும்பத் திரும்ப வர்றதுக்கு, நாளை நிகழ்வுகளா வெட்டணும். முந்தின ஒரே படத்தோட ஒப்பிட்டா யாராவது குறுக்க போனாலே உடைஞ்சுடும். முந்தின அஞ்சு படத்தோட வெக்டர் சராசரியையும் அடுத்த அஞ்சோட சராசரியையும் ஒப்பிட்டு, ரொம்ப வேறுபடுற இடத்துல வெட்டுங்க. நிகழ்வுக்கு ஒரே படம் காட்டி, தொட்டா மீதி விரியட்டும்.

காலக்கோடு:
தமிழ்ல கேட்டா சரியா வராததுக்கு: கிளிப் மாடல் பெரும்பாலும் ஆங்கிலத்துல பழகினது. ஒரு தமிழ் எழுத்தே பல டோக்கனா (மாடல் படிக்கிற துண்டா) உடையும், ஒரு கேள்விக்கு எல்லையோ 77 டோக்கன். கிளிப்போட திறந்த மூல வடிவமான ஓப்பன்கிளிப்புல, பல மொழி புரியுற எக்ஸ்எல்எம்-ராபர்ட்டா மாடல் சேர்ந்த வடிவம் இருக்கு. ஆனா ரெண்டு மாடல் வெக்டரும் கலக்காது, எல்லாப் படத்தையும் மறுபடி ஓட்டணும். சோம்பலா இருந்தா கேள்வியை மட்டும் ஆங்கிலமாக்கிக் கொடுங்க.

2018லிருந்து நடக்குற லைஃப்லாக் சர்ச் சேலஞ்ச்னு, இது மாதிரி அன்றாடப் படங்கள்ல தேடுற போட்டியில, தேட வேண்டிய காட்சியைப் பத்தின குறிப்புகளைத் துண்டு துண்டாத்தான் தருவாங்க. அதனால பல அமைப்புகள்ல முன்-பின் தேடல் (ஒரு காட்சிக்கு முன்னாடி, பின்னாடி என்ன நடந்துச்சுன்னும் சேர்த்துத் தேடுறது) இருக்கும். நீங்களும் செய்யலாம்: "குடை" மதிப்பெண்ணோட, அதுக்கு முந்தின அரை மணிக்குள்ள "பேருந்துக்குள்ள" வாங்கின உச்ச மதிப்பெண்ணைக் கூட்டுங்க.

இதுக்கெல்லாம் நேரம் சரியா இருக்கணும். எக்ஸிஃப்ல (படக் கோப்புக்குள்ள கேமரா எழுதுற விவரம்) பல கேமரா நேர மண்டலத்தை எழுதுறதில்லை, கடிகாரமும் மெல்ல நகரும். சார்ஜ் போடும்போதெல்லாம் வினாடி காட்டுற போன் திரையை ஒரு படம் எடுத்துட்டா, எவ்வளவு விலகியிருக்குன்னு கணக்குப் போட்டு யுடிசியில (உலகப் பொது நேரம்) சேமிக்கலாம்.