ரொட்டி சானாய் (மலேசியப் பரோட்டா) வீசும்போது நடுவில் கிழியுது, மாஸ்டர்கள் உதவுங்க

மாமாக் கடையில் (மலேசியாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக் கடை) ரொட்டி வீசுற அண்ணன்மார் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. அளவு இது: 1 கிலோ மைதா, 520 மில்லி தண்ணீர், 15 கிராம் உப்பு, 1 முட்டை, 2 மேசைக்கரண்டி கண்டென்ஸ்ட் மில்க், 50 கிராம் மார்ஜரின். 15 நிமிஷம் பிசைஞ்சு, 90 கிராம் உருண்டையாப் பிடிச்சு, மேலே மார்ஜரின் தடவி 6 மணி நேரம் ஊற வைக்கிறோம்.

தட்டும்போது நல்லா விரியுது. மூணாவது வீச்சில்தான் வம்பு: நடு கண்ணாடி மாதிரி ஆகிக் கிழியுது, ஓரம் கயிறு மாதிரி தடிச்சே நிக்குது. கல்லில் போட்டா அந்த ஓரம் மட்டும் வேகாம மாவா இருக்கு.

ஃபிரிட்ஜில் ராத்திரி வச்ச மாவு இன்னும் மோசம். இழுத்தா ரப்பராச் சுருங்குது. வெளியே 1 மணி நேரம் வச்சும் முழுசாத் தளரலை. உருண்டை மேலே ஆடை படிஞ்சிருந்தா அந்த இடத்திலேயே கிழியுது, அதனால இப்போ மூடித்தான் வைக்கிறோம்.

தண்ணியைக் கூட்டணுமா, புரதம் குறைஞ்ச மாவுக்கு மாறணுமா? ஓரத்தை எந்தக் கட்டத்தில் இழுத்து விடுறீங்க?

'பாஞ்சிர்' (ரொட்டி மேலேயே கறியை நிறைய ஊத்தித் தர்றது) கேட்கிறவங்களுக்குப் பருப்புக் கறி எல்லாத்தையும் மறைச்சிடும். 'கோசோங்' (எதுவும் சேர்க்காத வெறும் ரொட்டி) கேட்கிறவங்ககிட்டதான் மாட்டிக்கிறோம்.