பாலைவன முகாமுக்கு மடக்கிக் கொண்டுபோகும் பலகைக் குடில்: டேப் ஒட்டும் வேலையைக் குறைக்க வழி உண்டா?

கேட்டவர்: கல்லணை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் நால்வர் சான் ஹோசேயிலிருந்து நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்கு, பர்னிங் மேன் திருவிழாவுக்காகப் போய் வருகிறோம். துணிக்கூடாரத்தில் காலை எட்டு மணிக்குமேல் படுத்திருக்க முடியவில்லை என்பதால், சென்ற ஆண்டு ஹெக்ஸாயர்ட் என்னும் அறுகோணக் குடிலை அமைத்தோம். வினய் குப்தா 2002-இல் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட வடிவம் அது. எட்டடிக்கு நான்கடி அளவுள்ள, அலுமினியத் தாள் ஒட்டிய ஓர் அங்குலப் பாலிஐசோ (வெப்பத்தைத் தடுக்கும் இறுகிய நுரை) பலகைகள் பன்னிரண்டு இருந்தால் போதும். ஆறு பலகைகள் வெட்டப்படாமல் சுவர்களாகின்றன. மற்ற ஆறும் மூலைக்கு மூலை வெட்டப்பட்டுக் கூரையாகின்றன.

குடில் குளிர்ச்சியாகவே இருந்தது. ஆனால் எல்லா இணைப்புகளையும் அங்கே போய்த்தான் டேப்பால் ஒட்டினோம். புழுதி படிந்த பரப்பில் டேப் பிடிக்கவே இல்லை; அரை நாள் அதிலேயே போயிற்று. பிரிக்கும்போது டேப்போடு அலுமினியத் தாளும் உரிந்து வந்துவிட்டதால் நான்கு பலகைகள் வீணாகிவிட்டன. ஐந்தாறு ஆண்டுகளாவது பயன்படும்படியும், ஒரு மணி நேரத்துக்குள் நிற்கும்படியும் இதை மாற்றி அமைக்க முடியுமா?

பதில்: தச்சன்மகன்

முடியும், நண்பரே. ஒட்டும் வேலையில் பெரும்பகுதியை வீட்டுக் கராஜிலேயே முடித்து, டேப்பையே கீலாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் கூரை. மூலைக்கு மூலை வெட்டிய பலகையின் இரு பாதிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டு இணைத்தால்தான் எட்டடி அடிப்பக்கமும் எட்டடி உயரமும் உள்ள முக்கோணம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்படி ஆறு முக்கோணங்கள், அதாவது பன்னிரண்டு பாதிகள். இவற்றை மும்மூன்று முக்கோணங்களாக இரண்டு அரைக்கூரைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விசிறி போல மடியும்படி செய்யுங்கள். இரு முக்கோணங்கள் சந்திக்கும் முகட்டுக் கோடு உட்பக்கமாக மடிய வேண்டும்; ஒவ்வொரு முக்கோணத்தின் நடுக்கோடும் வெளிப்பக்கமாக மடிய வேண்டும். அப்படிச் செய்தால் அந்த ஆறு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அமர்ந்துவிடும்.

எந்தப் பக்கம் மடிகிறதோ அந்தப் பக்கத்து டேப்பைப் பலகைகளை விரித்து வைத்து ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்து டேப்பை மடித்து வைத்த பிறகே ஒட்டுங்கள். மடித்த நிலையில் அந்தப் பக்கம் இரண்டங்குல இடைவெளி திறக்கும் என்பதால், விரித்த நிலையிலேயே இரு பக்கமும் ஒட்டிவிட்டால் முதல் மடிப்பிலேயே கிழியும். நான் முதன்முறை செய்த தவறு இதுதான். ஒரு சுருள் டேப் அதில் போயிற்று. இதற்கு ஆறங்குல அகலமுள்ள, இரு திசையிலும் இழை ஓடும் டேப் வேண்டும். வெள்ளி நிறத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண டக்ட் டேப் வெயிலில் பசை இளகிவிடும். ஒட்டுமுன் பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களை இரண்டிரண்டாக மூன்று புத்தகங்கள் போல, உட்பக்கமாக மடியும்படி இணைத்தால் போதும். ஆறையும் ஒரே தொடராக்க ஆசை வரும். ஆனால் ஒன்றுவிட்டு ஒரு மூலை வெளிப்பக்கமாக மடிய வேண்டியிருக்கும், அங்கே உள்விளிம்புகள் முட்டிக்கொள்ளும்.

மடித்த இரண்டு அரைக்கூரைகளையும் எதிரெதிராக வைத்தால் எட்டுக்கு நான்கு செவ்வகமாகிவிடும். அதன்மேல் மூன்று சுவர்ப் புத்தகங்கள். ஆக மொத்தம் ஓரடி கனத்தில் ஒரே கட்டு; பிக்கப் வண்டியில் தட்டையாகக் கிடக்கும்.

அங்கே ஒட்ட வேண்டியவை மூன்று மூலைகள், இரண்டு முகடுகள், கூரையும் சுவரும் சேரும் விளிம்பு ஆகியவை மட்டுமே. வெளிப்பக்கக் கணக்கில் முன்பு ஏறக்குறைய 174 அடி ஒட்டியிருப்பீர்கள். இனி 78 அடி. அந்த இடங்களில் வீட்டிலேயே ஒரு வரிசை டேப்பை நிரந்தரமாக ஒட்டிவைத்து, முகாமில் அதன்மேல் இன்னொன்றை ஒட்டுங்கள். டேப்பின் மேல் டேப் சுத்தமாக உரியும், தாள் பிய்யாது. பலகையின் வெட்டு விளிம்புகளையும் டேப்பால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் மஞ்சள் நுரைத்தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், அங்கே ஒரு துகளையும் விட்டுவரக் கூடாதே.

கூரையைத் தரையில் முழுதாக இணைத்த பிறகு, ஆறு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கிச் சுவர்மேல் வையுங்கள். நீங்கள் நால்வர்தான் என்பதால் பக்கத்துக் கூடாரத்தில் இருவரை முன்னதாகவே சிநேகம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. காற்று எழாத அதிகாலையே இதற்கு ஏற்ற நேரம்.

பதில்: மஸ்கட்வாசி

தச்சன்மகன் கூறியவற்றோடு காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குடிலுக்கு எடையே கிடையாது. கட்டாமல் விட்டால் பறந்துவிடும். சுவரின் மேல்விளிம்பை ஒட்டி அறுகோணத்தைச் சுற்றி ஒரு கயிற்று வளையம் போட்டு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் தரைக்கு இழுத்துக் கட்டுங்கள். பிளாக் ராக் என்பது லஹோன்டன் என்னும் தொல்பழங்கால ஏரியின் வறண்ட படுகை; களிமண் இறுகிய தரை. அங்கே நீண்ட லேக் போல்ட்டுகளை (தடித்த மரத்திருகாணிகளை) மின்கருவியால் திருகி இறக்கினால் உறுதியாகப் பிடிக்கும். நாங்கள் ஓமானின் ஷர்கியா மணற்பரப்பில் முகாமிடும்போது இது சிறிதும் உதவாது. சாக்கில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி முழங்கால் ஆழத்தில் புதைக்கிறோம்.

பதில்: வெட்டிவேர்

பலகை வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர, தானாகக் குளிரூட்டாது. பாலிஐசோவின் வெப்பத் தடுப்புத்திறன் (R-மதிப்பு) அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆறு, தெர்மோகோலுக்கு நான்கு. ஆனாலும் பிற்பகலில் உள்ளே இறுக்கமாகவே இருக்கும். ஈரத் தட்டியின் வழியே காற்றை உள்ளே தள்ளும் ஒரு வாளிக் கூலர் வையுங்கள். நம் ஊரில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் இதே கணக்குத்தான். கூலர் வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ள வேண்டும். எதிர்ச்சுவரில் கையகல ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். அப்போது உள்ளழுத்தம் சற்றுக் கூடி, இடுக்குகள் வழியே புழுதி நுழையாது. ஜன்னல் வைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் போர்வையே நனைந்ததுபோல் ஆகிவிடும்.

உள்ளே அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். பாலிஐசோ தெர்மோகோலைப் போல உருகிச் சொட்டாது என்றாலும் எரியும், நச்சுப்புகையும் வரும். ஜெனரேட்டரின் புகை கூலர் இழுக்கும் பக்கமாக வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

மறுமொழி: கல்லணை

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு பழைய பலகைகளை வைத்துக் கீலை ஒட்டிப் பார்த்தேன். மடித்து வைத்து ஒட்டிய டேப் இருபது முறை திறந்து மூடியும் கிழியவில்லை. கதவை மட்டும் எங்கே வெட்டுவது? சுவர்ப் புத்தகத்தின் கீலுக்கு அருகில் வெட்டினால் பலம் போய்விடுமோ?

பதில்: தச்சன்மகன்

கீலிலிருந்து விலகி, ஒரு சுவரின் நடுவில் வெட்டுங்கள். நாற்புறமும் அரையடிச் சட்டம் மிஞ்சட்டும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டினால் கதவு உட்பக்கம் விழாமல் விளிம்பிலேயே அமரும். உயரம் மூன்றடிதான் கிடைக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். கீழ்ச்சட்டத்தில் எல்லாரும் கால் வைப்பார்கள் என்பதால் அங்கே மட்டும் டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டிவிடுங்கள்.