பெங்களூருவில் தமிழ் பேசும் மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா?

வணக்கம். அக்கா மகள் இந்த வருஷம்தான் சேலத்திலிருந்து வந்து இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே விடுதியில் தீ விபத்து. அவள் தளத்தில் இருந்த ஒரு மாணவி இறந்துவிட்டார். நிர்வாகம் ஓர் இரங்கல் கூட்டம் நடத்திவிட்டு மறுவாரமே தேர்வு வைத்தது. என்ன அவசரமோ!

இவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. யாராவது கதவைச் சாத்தினாலே திடுக்கிடுகிறாள். பழைய தோழிகள் எல்லாம் ஊரில். இங்கே மனம்விட்டுப் பேச இன்னும் ஆள் அமையவில்லை. அக்கா ‘படிப்பே வேண்டாம், வந்துடு’ என்கிறாள், இவள் மாட்டேன் என்கிறாள். எனக்கும் இவள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பெரும்பாலானோர் மெல்லத் தேறிவிடுவார்கள், நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று படித்தேன். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். தாண்டிவிட்டது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழில் பேசினாள், கொஞ்சம் பரவாயில்லை.

நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கும் ஓசூர் சாலை எங்களுக்கு ரொம்பத் தூரம். எலஹங்கா, ஹெப்பாள் பக்கம் தமிழ் பேசும் நல்ல ஆலோசகர் யாராவது உண்டா? கட்டணம் எவ்வளவு? அப்புறம், விடுதியை மாற்றினால் உதவுமா? பிள்ளைகளுக்கு இப்படி நேர்ந்தவர்கள் சொல்லுங்கள், தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.