இனப்பெருக்க ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி: போகலாமா?

பாலக்கோடு மாணவி:
தர்மபுரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்னையில் ஒரு ஆய்வகத்தில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளெலிகளை வைத்து சினைப்பை நீர்க்கட்டி பற்றிய ஆராய்ச்சி. அப்பா, "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார், அம்மா வாயே திறக்கவில்லை. அங்கே நிஜமாகவே வேலை கற்றுத் தருவார்களா, இல்லை கண்ணாடிச் சாமான் கழுவ விட்டுவிடுவார்களா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

ஓசூர் அக்கா:
போயிட்டு வா தங்கச்சி. முதலில் கழுவத்தான் விடுவார்கள், அதில் சோப்பு ஒட்டியிருந்தாலே சோதனை கெட்டுவிடும் என்பதால் அதையும் ஒழுங்காகச் செய். அப்புறம் ஸ்மியர் எடுக்கச் சொல்லித் தருவார்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், எலியின் பிறப்புறுப்பில் சொட்டுக்குழாயால் சில துளி சலைன் விட்டு உறிஞ்சி, ஸ்லைடில் வைத்துப் பார்க்க வேண்டும். எலிக்கு இனப்பெருக்கச் சுழற்சி 4 அல்லது 5 நாள்தான். உட்கரு இல்லாத தட்டையான செல்கள் குவிந்து கிடந்தால் ஈஸ்ட்ரஸ், அதாவது இணைசேரும் கட்டம்; வெள்ளணுக்களாக நிறைந்திருந்தால் டைஈஸ்ட்ரஸ், அதாவது ஓய்வுக் கட்டம். லெட்ரோசோல் என்ற மருந்தைக் கொடுத்து நீர்க்கட்டி வரவழைத்த எலிகளில் நாள் தவறாமல் வெறும் வெள்ளணுக்களே வந்துகொண்டிருக்கும். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று நம் வீடுகளில் குசுகுசுப்பார்களே, அதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு அந்த ஸ்லைடைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒன்று மட்டும் முதல் நாளே கேள்: இந்தச் சோதனைக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, எலியைக் கையாள உனக்கு முறையாகப் பயிற்சி தருவார்களா என்று. அது இல்லாமல் எலியைத் தொடாதே.

கிருஷ்ணகிரி லேப் அண்ணன்:
நான் விந்து பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: குழந்தை இல்லை என்றால் நம் ஊரில் பேச்சு முழுக்க மருமகள் மேல்தான் விழுகிறது, ஆனால் கிட்டத்தட்ட பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. மனைவிக்கு வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்த பிறகுதான் கணவரின் மாதிரி எங்களிடம் வருகிறது, அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மாதிரியை 37 டிகிரியில் வைத்து, கெட்டித்தன்மை போய் நீர்த்ததும், மாதிரி எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விந்தணுக்களின் அசைவைப் பார்த்தாக வேண்டும், இரண்டு தடவை எண்ணி இரண்டும் ஒத்துவராவிட்டால் மறுபடியும் எண்ண வேண்டும். கூச்சமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விடும், அப்புறம் எண்ணிக்கை தப்பக்கூடாதே என்கிற கவலைதான்.

பென்னாகரத்தான்:
திரும்பி வந்ததும் நம்ம மாவட்டத்துக்கான கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆசை. இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த ஃப்ளோரைடால் பல்லில் விழும் காவிக்கறையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதிக ஃப்ளோரைடு கொடுத்த எலிகளில் விந்தணு அசைவு குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, ஆனால் அவற்றில் பலவற்றில் கொடுத்த அளவு நம் கிணற்றுத் தண்ணீரில் இருப்பதைப்போலப் பல மடங்கு, அதை வைத்து ஊர் மக்களைப் பயமுறுத்திவிடக் கூடாது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் கிளம்பும் முன்பே துறைத் தலைவர் காதில் போட்டு வையுங்கள்.