வெளிநாட்டில் பீர் கேட்க அந்த ஊர் மொழி தேவையா?

நடைவழி:
போன மாதம் ஜெர்மனியில், கொலோன் நகரத்தின் பழைய பீர்க்கூடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் நான்கு சுற்றுலாப் பயணிகள் இரண்டு கைகளையும் அகல விரித்து, ஆங்கிலத்தில் "பெரிய பீர், பெரிய பீர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊர் பீரின் பெயர் கோல்ஷ். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான கிளாசில்தான் வரும். நுரை அடங்கிச் சூடேறும் முன்பே குடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சின்னக் கிளாஸ். பரிமாறுபவரைக் கோபெஸ் என்பார்கள். கிளாஸ் காலியானால் கேட்காமலேயே அடுத்ததை வைப்பார், அடியில் இருக்கும் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாசை மூட வேண்டும். இவர்கள் மூடவில்லை, அவரும் நிறுத்தவில்லை. கணக்குத் தீர்க்கும்போது அட்டையைச் சுற்றிக் கோடுகளாக இருந்தன. சண்டை வந்துவிட்டது.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு நாட்டுக்குப் போகிறவர் அந்த மொழியில் ஒரு பீர் கேட்கவாவது கற்றுக்கொண்டு போக வேண்டும். அது அந்த ஊருக்குக் கொடுக்கும் மரியாதை.

மரக்கலம்:
நண்பரே, உங்கள் கதையே உங்கள் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்த நால்வரும் "ஐன் பியர், பிட்டே" (ஒரு பீர் கொடுங்கள்) என்று ஜெர்மனில் அழகாகக் கேட்டிருந்தாலும், அட்டையால் மூட வேண்டும் என்பது தெரிந்திருக்குமா? தெரிய வேண்டியது வழக்கம். மொழி இல்லை.

ஆங்கிலம் பேசும் ஆஸ்திரேலியாவையே பாருங்கள். சிட்னியில் 'ஸ்கூனர்' கேட்டால் 425 மில்லி வரும். அதே சொல்லை அடிலெய்டில் சொன்னால் 285 மில்லிதான். அங்கே 425 மில்லிக்குப் பெயர் 'பைன்ட்'. லண்டனில் பைன்ட் என்றால் 568 மில்லி. மொழி ஒன்றுதான், கிளாஸ்தான் வேறு. பிரான்சில் 'அன் தெமி' என்று பிரெஞ்சிலேயே கேளுங்கள். தெமி என்றால் பாதி. அரை லிட்டர் வரும் என்று காத்திருந்தால் 250 மில்லி வரும். மொழி தெரிந்தும் ஏமாற்றம்தானே?

மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கூட்ட நேரத்தில் கவுன்டரில் நின்று பயிற்சி எடுப்பவர்களைப் பார்க்கிறேன். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். இதில் யாருக்கு மரியாதை?

நடைவழி:
தெமி பற்றிச் சொன்னது சரி. ஆனால் வழக்கத்தையும் மொழியையும் அப்படி இரண்டாக வெட்டிவிட முடியாது. வழக்கம் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. சின்ன கிளாஸ் டிராஃப்ட் பீருக்கு, அதாவது குழாயிலிருந்து பிடித்துத் தரும் பீருக்கு, போர்ச்சுகலின் லிஸ்பனில் 'இம்பெரியல்' என்பார்கள், போர்ட்டோவில் 'ஃபினோ'. இரண்டும் ஒரே நாடு. எந்த ஊரில் எதைக் கேட்கிறீர்கள் என்பதிலேயே, ஊரைக் கவனித்தவரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று. கொரிய மொழியில் "மேக்ஜு ஜுசேயோ" என்றால் பீர் கொடுங்கள். அந்த 'சேயோ'வில்தான் மரியாதை இருக்கிறது, நம் 'ங்கள்' மாதிரி. கடையில் நாம் 'தயவுசெய்து' என்றா சொல்கிறோம்? 'கொடுங்க' என்பதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. பின்லாந்துக்காரர்களுக்கும் 'ப்ளீஸ்' என்பதற்கு நேரான ஒரு சொல் இல்லை, 'கீதோஸ்' என்று நன்றியைக் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். வியட்நாமில் பரிமாறுபவரை 'எம் ஓய்' என்று கூப்பிடுவார்கள். தம்பி, தங்கை இருவருக்கும் அந்த 'எம்' பொருந்தும். மூத்தவராக இருந்தால் 'அன் ஓய்', 'சி ஓய்'. அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று வேண்டுமா? முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே.

மரக்கலம்:
அண்ணனா தம்பியா என்று முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டிய முறையில், வெளியாள் தவறாகக் கூப்பிட்டால் என்ன ஆகும்? ஒரு புன்னகை, ஒரு விரல், போதும். உலகம் முழுக்கப் புரியும்.

இரவுப்பணி:
நான் பெர்லினில் படித்த காலத்தில் இரண்டு வருடம் ஒரு பாரில் பரிமாறினேன். விரல் உலகம் முழுக்கப் புரியும் என்பது சரியில்லை, மரக்கலம் அண்ணா. ஜெர்மனியில் எண்ணுவது பெருவிரலில் தொடங்கும். ஒன்றுக்குப் பெருவிரல், இரண்டுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும். ஒரு பீர் கேட்க நீங்கள் சுட்டுவிரலை நீட்டும்போது பெருவிரல் கொஞ்சம் வெளியே நின்றால், சத்தத்தில், தூரத்திலிருந்து பார்க்கும் எனக்கு அது இரண்டு. அதே இரண்டு விரலைச் சீனாவின் பெரும்பகுதியில் காட்டினால் எட்டு! கையும் ஒரு மொழிதான்.

ஆனால் நடைவழி சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. வாக்கியம் எல்லோருக்கும் வந்துவிடும். "ஐன் பியர், பிட்டே" என்று தெளிவாகச் சொல்வார்கள். நான் உடனே "பெரியதா, சிறியதா?" என்று ஜெர்மனில் கேட்பேன். அங்கேதான் நின்றுவிடுவார்கள். 'குரோஸ்' பெரியது, 'க்ளைன்' சிறியது. இந்த இரண்டையும் காதில் பழக்கிக்கொண்டு வந்தவருக்கு வேலை முடிந்தது. கேட்கும் வாக்கியத்தில் பாதி நேரத்தைச் செலவிடுங்கள், திரும்பி வரும் கேள்விக்கு மீதியை வையுங்கள். வந்தவுடன் ஒரு 'ஹாலோ' சொன்னவரை நான் ஒருநாளும் காக்கவைத்ததில்லை, அதற்குப் பிறகு அவர் ஆங்கிலத்துக்கு மாறினாலும்.

நடைவழி:
ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானில் எனக்கும் இதுவே நடந்தது. 'பீரு' என்று கேட்டதும், 'நாமா'வா என்று கேட்டார்கள். 'நாமா' என்றால் டிராஃப்ட். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அப்புறம் கவனித்தால், சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்தவுடன் "தோரியாஎசு நாமா" என்கிறார்கள், 'இப்போதைக்கு ஒரு டிராஃப்ட்' என்று. 'பீரு' என்று நெடிலில் சொல்ல வேண்டும், 'பிரு' என்று குறிலில் சொன்னால் கட்டடம். குறிலும் நெடிலும் தாய்மொழியிலேயே இருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிட எளிது.

மரக்கலம்:
குடிக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் கட்டடம் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? இடமே அர்த்தத்தைச் சொல்லிவிடும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

மழைத்துளி:
நான் மது அருந்துவதில்லை. நண்பர்களோடு போய் ஆல்கஹால் இல்லாத பீர் வாங்குவேன். எனக்கு இந்த விவாதம் மரியாதை பற்றியது இல்லை. இடம் அர்த்தத்தைச் சொல்லிவிடும் என்கிறீர்கள். பாரில் உட்கார்ந்து 'பீர்' என்றால் ஆல்கஹால் உள்ளதுதான் வரும். ஆகவே ஜெர்மனியில் 'ஆல்கஹோல்ஃப்ரை', ஸ்பெயினில் 'செர்வேசா சின்', செக் நாட்டில் 'நேஅல்கோ', ஜப்பானில் 'நோன்அரு' என்று எழுதி வைத்துக்கொண்டு போவேன். ஜெர்மனியில் ஆல்கஹோல்ஃப்ரை என்று போட்டிருந்தாலும் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாது என்பவர்கள் பாட்டிலில் '0.0' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மதக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே விரலும் புன்னகையும் போதாது.

மரக்கலம்:
நீங்கள் சொன்ன இடத்தில் மொழி வேண்டும், மறுக்கவில்லை. கூடாததைத் தவிர்க்கச் சொல் தேவை. வேண்டியதை வாங்கத் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை. செக் மொழியையே எடுங்கள். ஒரு பீர் 'பிவோ', இரண்டிலிருந்து நான்குவரை 'பிவா', ஐந்திலிருந்து 'பிவ்'. ஒரு பீருக்காக ஒருவர் இத்தனை இலக்கணம் படிக்க வேண்டுமா?

இரவுப்பணி:
ஒருவராகப் போனால் 'பிவோ' மட்டும் போதும், அண்ணா. அங்கே பல பழைய கடைகளில் மேசையில் அட்டையை எடுத்து உங்கள் முன்னால் வைத்தாலே பீர் வந்துவிடும்.

நடைவழி:
ஐந்து பேராகப் போங்கள். ஒருவர் 'பிவ்' என்று சரியாகச் சொல்லட்டும். பரிமாறுபவரின் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.